சேர்த்துப் படித்த குற்றம்

ஊரே 'பசைக்காரர்' என்று கூப்பிடும் அந்த மனுஷருக்கு அன்றைக்கு உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. போர் தொடங்கியதிலிருந்து அரசாங்கச் சுவரொட்டி ஒட்டுவதே பிழைப்பாகிவிட்டது. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியதை ஒட்டவேண்டும். அவர் எந்தத் தடவையும் முழுசாகச் சுரண்டியதில்லை; அன்றைக்குச் சுரண்டவே கை வரவில்லை. போதாக்குறைக்கு ரேஷனில் மாவைக் குறைத்துவிட்டார்கள், பசையும் தண்ணீராக ஓடியது.

வெயில் ஏறியதும் மார்க்கெட் சுவரில் ஒட்டியது உரிந்து தொங்கியது. 'இறந்தவர்களின் தியாகம் வீணாகலாமா?' என்ற இந்த மாதத்துக் காரணம் பாதி. அதற்கடியில் 'எதிரி நாட்டு மக்களை விடுவிப்போம்' என்ற போன வருஷத்துக் காரணம் பாதி. எல்லாவற்றுக்கும் அடியில், 'எல்லையைக் காப்போம், சீக்கிரமே வெற்றி.' காரணம்தான் மாறிக்கொண்டே வந்தது. சவப்பெட்டி வருவது மட்டும் நின்றபாடில்லை.

எதிரே சைக்கிள் கடை வைத்திருந்தவன் பசைக்காரரின் மனைவிக்குத் தம்பி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன். மூன்றையும் கீழிருந்து மேலே உரக்கப் படித்துவிட்டு, "இதுல எதுக்குங்க நம்ம பிள்ளைங்க சாகுறாங்க?" என்று கேட்டான். நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள், ஒருத்தி அழுதாள். கொஞ்ச நேரத்தில் போலீஸ் வந்து அவனை அள்ளிக்கொண்டு போய்விட்டது.

"என் தம்பி இல்லாம வீட்டுப் படி ஏறாதீங்க" என்று மனைவி பசைக்காரரை விரட்டினாள்.

அவர் இன்ஸ்பெக்டர் முன்னால் கைகட்டி நின்றார். "தப்பு என்னோடது சார். பழசைச் சுரண்டாம ஒட்டிட்டேன். அவனை விட்டுட்டு என்னைப் பிடிச்சுக்குங்க."

"ஒட்டினதுல என்னய்யா தப்பு? மூணும் அரசாங்கம் அச்சடிச்சதுதானே? சேர்த்துப் படிச்சான் பாரு, அதான் குற்றம். புதுச் சட்டம்." இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார். "போர் முடியிற வரைக்கும் உள்ளதான் இருக்கணும்."

"எப்ப சார் முடியும்?"

"இந்தக் கேள்வியும் அதே சட்டத்துலதான் வருது." இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "உனக்குப் படிக்கத் தெரியுமா? தெரியாதுன்னு சொல்லிட்டு வீடு போய்ச் சேரு."

கம்பிக்குப் பின்னாலிருந்து மச்சினன், சொல்லுங்க சொல்லுங்க என்று கண்ணாலேயே கெஞ்சினான். ஒரு வார்த்தைதான். இத்தனை நாளும் படித்தும் படிக்காதவராகத்தானே அவர் காலம் தள்ளினார்? அதுவே வெறுத்துப் போயிருந்தது.

"தெரியும் சார். மூணையும் இந்த ஊர்ல முதல்ல படிச்சவன் நான்தான்."

பூட்டைத் திறந்து அவரையும் உள்ளே தள்ளினார்கள்.

"என்ன மாமா, இப்படிப் பண்ணிட்டீங்களே! அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

பசைக்காரர் தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

"நம்மளத் தேடி அவளே வருவா மாப்ள. அவகிட்டயும் இதைத்தான் கேப்பாங்க. அவளுக்கும் படிக்கத் தெரியும்."