ஒரு சாண் இடம்

"அந்த மண்ண எங்க கொண்டுபோய்க் கொட்டினாங்க?"

"எந்த மண்ணுப்பா?"

"தரைக்குக் கீழ இருந்தது."

"அதுவா? பஸ் டிப்போவுக்குப் பின்னாடி பெரிய பள்ளம் இருந்துச்சே, அங்கதான். லாரி லாரியாப் போச்சு. ரோலர் விட்டு ஓட்டிட்டாங்க. இப்ப அது மேல பஸ் நிக்குது."

அப்பா மெல்ல, "அம்மாகிட்ட சொல்லாத" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்போது தேவாலயத்தில் சவப்பெட்டியின் அருகே நிற்கும் மகளுக்கு அந்தப் பேச்சுதான் திரும்பத் திரும்ப வந்தது. அவரைச் சிரிக்க வைக்கத்தான் அன்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். துணிப்பையில் அந்தக் கோணக்கல்லும் இருந்தது.

அந்தத் தேவாலயத்தின் பழைய தரை அப்பா போட்டது. பூப்போட்ட சிமெண்டுக் கற்கள். எல்லாப் பூவும் பீடத்தைப் பார்த்திருக்கும். கடைசித் தூணருகே ஒன்று மட்டும் வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கும். ஊரில் எத்தனையோ வீடு கட்டியவர். நூல் பிடித்தால் மயிரிழை பிசகாது என்று பேர் எடுத்தவர். சபையார் அவருக்கு வைத்த பெயரென்னவோ கோணக்கல் மேஸ்திரி. பிள்ளைகளின் கல்யாணப் பேச்சில்கூட யாராவது அதை இழுப்பார்கள். "அன்னிக்கு வெயில் ஜாஸ்திப்பா, தலை சுத்திடுச்சு" என்று அவரும் கூடச் சிரிப்பார். மாற்றிப் போடுகிறேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

கிரானைட் போடுவது அடுத்த வருஷம் என்றுதான் பேச்சு. திடீரென்று முன்னதாகத் தொடங்கிவிட்டார்கள். பழைய தரையைப் பேர்த்தபோது, அந்த ஒரு கல்லை உடைக்காமல் தரும்படி மகள்தான் கேட்டு வாங்கினாள். அம்மா வெந்நீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில் அதை அப்பாவின் நெஞ்சுமேல் வைத்தாள். சிரிக்காமல் மண்ணைப் பற்றிக் கேட்டார். மேஸ்திரிக்கு மண்கவலை என்று நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர் கஞ்சியும் குடிக்கவில்லை.

"பெட்டி ஏம்மா இவ்வளவு நீளம்?" சபைச் செயலாளர் மெல்லக் கேட்டார். அப்பாவின் சிறு வயதுக் கூட்டாளி. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. "இவன் என்னை விடக் குட்டை."

"அம்மாதான் மாமா, ஒரு சாண் கூடவே இருக்கட்டும்னாங்க. பெட்டி செய்யறவரு கூடக் கேட்டாரு, இனிமே வளரப் போறாரான்னு."

"கடைசியில கூட இவனுக்கு அளவு சரியா அமையல பாரு" என்று சிரிக்கப் போனவர், முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பின்வரிசையில் ஏதோ சலசலப்பு. மகள் திரும்பிப் பார்த்தாள். முன்பெஞ்சில் உட்கார வைத்திருந்த அம்மாவைக் காணோம். கடைசித் தூணருகே நின்றிருந்தாள். எத்தனை பெஞ்சு காலியாக இருந்தாலும் அம்மா தரையில் அங்கேதான் உட்காருவாள். காற்று நல்லா வருது என்பாள். ஆஸ்பத்திரியிலேயே கிடந்தவளுக்குப் புதுத்தரை இன்றுதான் கண்ணில் பட்டிருக்கிறது. வெறுங்காலால் அந்தப் பளபளப்பைத் தடவிக்கொண்டிருந்தாள். இருட்டில் செருப்பைத் தேடுகிறவள் போல.

மகள் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். கை சில்லிட்டிருந்தது.

"இந்தப் பக்கமும் போட்டுட்டாங்களாடி?"

"ஆமாம்மா. வா, வந்து உக்காரு."

"பழைய கல்லப் பேத்தாங்களா, அது மேலயே ஒட்டினாங்களா?"

"இப்ப எதுக்கும்மா அது?"

"சொல்லுடி. பேத்தாங்களா?"

அப்பா கேட்ட அதே குரல். என்னவென்று அவளுக்குப் புரியவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சொல்லாத என்றவர் அதோ பெட்டியில் கிடக்கிறார். கடைசியாகச் சொன்ன வார்த்தை.

"மேலயேதான் ஒட்டினாங்கம்மா" என்றாள். "பழசு அப்படியே இருக்கு."

அம்மா கண்ணை மூடித் திறந்தாள். அப்பா இறந்ததிலிருந்து அந்த முகத்தில் இல்லாத ஒரு தெம்பு வந்தது. மகளின் கையை உதறிவிட்டு, யாரையும் பார்க்காமல், நடுவழியாக நேரே பெட்டியிடம் நடந்தாள். செயலாளர் மூடியைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"இருங்கண்ணா, மூடாதீங்க." போதகரைப் பார்த்துக் கைகூப்பினாள். அவளுடைய மகன் வயதுதான் இருக்கும் அவருக்கு. "ஐயா, ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு முன்னாடி எத்தனையோ ஐயா வந்து போயிட்டாங்க. யாருகிட்டயும் கேக்க வாய் வரல."

"சொல்லுங்கம்மா."

"அந்தத் தூணுகிட்ட எம்மூத்த புள்ள இருக்கு. மூச்சில்லாமப் பொறந்துச்சு. ஞானஸ்நானம் வாங்காததுக்குக் கல்லறைத் தோட்டத்துல எடமில்லன்னு அப்ப இருந்த ஐயா சொல்லிட்டாரு. இவரு அப்ப இந்தத் தரையப் போட்டுட்டிருந்தாரு. கூட இருந்தவங்க சாப்பிடப் போனப்ப, தன் கையாலயே தோண்டி வெச்சிட்டாரு. எனக்கு அடையாளம் தெரியணும்னுதான் பூவைத் திருப்பி வெச்சாரு."

செயலாளரின் கையிலிருந்த மூடி மெல்லத் தாழ்ந்து தரையைத் தொட்டது. அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. தூணருகே நின்ற மகளைப் பார்த்தார். மண் லாரிக்கு டிப்போப் பள்ளத்துக்கு வழி சொல்லி அனுப்பியவர் அவர்தான்.

அம்மா குனிந்து, பெட்டியின் கால்பக்கம் மடிந்திருந்த வெள்ளைத்துணியை ஓரமாக ஒதுக்கிவிட்டாள்.

"மேலயேதான் ஒட்டியிருக்காங்களாம் ஐயா, ஒரு கல்லத் தூக்கினாப் போதும். எடுத்து அவரு காலடியில வெச்சிடுங்க. அதுக்குத்தான் எடம் விட்டு பெட்டி செய்யச் சொன்னேன்."