சிவப்புக் குவளை

1986 ஜூலை 14 அன்று, ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தொழிற்பேட்டையின் ஏழாம் எண் கொட்டகையில், கையால் இழுத்து இயக்கும் மெஷினிலிருந்து முதல் சிவப்பு பிளாஸ்டிக் குவளை வெளியே வந்தது.

அதே ஆண்டில்தான் முதலாளிக்கு மகள் பிறந்தாள். கம்பெனிக்கு யார் வந்தாலும் அவர் இதைச் சொல்லாமல் விடமாட்டார். "மெஷினும் மகளும் ஒரே வயசு. சூடாயிட்டா ரெண்டு கிட்டயும் போக முடியாது." வந்தவர்கள் சிரிப்பார்கள். பின்னால் பிறந்த மகனும் சிரிப்பான். அவன் சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும் என்பது அக்காவுக்குத் தெரியும். அதில் அவளுக்கு ஒரு திருப்தியும் உண்டு.

குவளைக்குப் பிறகு வாளி, கூடை. கை மெஷின் போய் மோட்டார் மெஷின் வந்தது. பழைய கொட்டகையை மகள் பார்த்துக்கொண்டாள். சென்ற ஆண்டு எதிரில் புதிய கட்டடம் எழுந்தது. வழுக்கும் தரை, குளிர்சாதனம், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் புது மெஷின். அதில் மருந்து பாட்டில்களுக்கான வெள்ளை மூடிகளை மட்டும் வார்த்துப் பழகினார்கள். பொறுப்பு தம்பிக்கு. மகள் தினமும் அந்தக் கதவைக் கடந்துதான் தன் இடத்துக்குப் போக வேண்டும். அந்தப் பக்கம் திரும்பாமல் நடக்கக் கழுத்தைப் பழக்கியிருந்தாள்.

மருந்துக் கம்பெனிக்காரர்கள் நேரில் வந்து பார்ப்பதாக இருந்தது. மூடி பிடித்துவிட்டால் பெரிய ஆர்டர். "அதுக்கப்புறம் மொத்தத்தையும் அவன் கையில குடுத்துட்டு நான் வீட்டுல உக்காந்துடுவேன்" என்று முதலாளி சாப்பிடும்போது சொன்னார். தனக்குத்தான் வரும் என்று மகள் நம்பியிருந்த நாற்காலி அது. தட்டைப் பார்த்தபடியே "நல்லதுப்பா" என்றாள்.

அவர்கள் வரும் நாளன்று காலையில் முதலாளிக்குப் புதிதாக ஒரு யோசனை. "வர்றவங்களுக்கு ஆளுக்கொரு சிவப்புக் குவளை குடுக்கணும். எங்க ஆரம்பிச்சோம்னு தெரியட்டும்."

"என்கிட்ட வாளி அச்சு மாட்டியிருக்குப்பா. அதைக் கழட்டவே மதியமாயிடும்" என்றாள் மகள்.

"என் மெஷின்ல அச்சு மாத்தறது சட்டை மாத்தற மாதிரி. நான் போட்டுத் தர்றேன்" என்றான் தம்பி.

"அது என் அச்சுடா."

"கம்பெனி அச்சுக்கா. ஒரு தடவை என் மெஷின்லயும்தான் வரட்டுமே. நீயும் அதுவும் என்ன ரெட்டைப் பிள்ளையா?"

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். அச்சு புதிய கட்டடத்துக்குப் போனது.

சற்று நேரத்தில் முதல் குவளையைத் தம்பியே கொண்டுவந்து அக்காவின் மேசையில் வைத்தான். அவள் விளிம்பில் விரலை ஓட்டினாள். எத்தனையோ ஆண்டுகளாக அவளால் போக்க முடியாத பிசிறு அதில் இல்லை. கைப்பிடி மின்னியது.

"எப்படிக்கா?"

"பரவால்ல" என்றாள்.

அவளுடைய ஆபரேட்டர் ஓயாமல் பேசுகிறவர். அதனால் பெயர் ரேடியோ. அவர் வேகமாக உள்ளே வந்தார். "அக்கா, தம்பி சிவப்பை முடிச்சிட்டு மூடி அச்சை மாட்டறாரு. உள்ள கழுவவே இல்ல."

பழைய கொட்டகையில் வெள்ளையை முதலில் ஓட்டுவார்கள், சிவப்பைக் கடைசியில். மாறி நடந்துவிட்டால், உள்ளே ஒட்டியிருக்கும் நிறம் போகும்வரை வெறும் பிளாஸ்டிக்கை உருக்கி வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அரை நாள் பிடிக்கும். இன்றுவரை வெள்ளையைத் தவிர வேறு நிறம் தொடாத தம்பிக்கு இது தெரிய வாய்ப்பில்லை. இப்போது சொன்னாலும் வருகிறவர்களை மாலைவரை காத்திருக்கச் சொல்லலாம்.

"நான் போய்ச் சொல்லட்டுமா?" என்றார் ரேடியோ.

மகள் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அவன் மெஷின், அவன் பாடு. நீங்க வாளியைப் பாருங்க."

"அது வந்துக்கா..."

"ரேடியோவைக் கொஞ்சம் நிறுத்துங்க."

மருந்துக் கம்பெனியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தம்பி பொத்தானை அழுத்தினான். முதலில் விழுந்த மூடிகள் வெள்ளையாகத்தான் தெரிந்தன. வெளிச்சத்தில் பிடித்தபோது இளஞ்சிவப்பு ஓடியது. அடுத்து வந்தவற்றில் கோடு கோடாகச் சிவப்பு. தம்பி சூட்டைக் கூட்டினான்; கோடுகள் தடித்தன.

"மூடிக்கே வெக்கம் வந்துடுச்சு போல" என்றார் வந்தவர்களில் மூத்தவர். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "மருந்துக்குப் போடறது சார். எங்களால எடுக்க முடியாது." கிளம்பும்போது கையிலிருந்த குவளையை உயர்த்திக் காட்டினார். "இது பிரமாதமா இருக்கு."

தம்பி மெஷின் அருகிலேயே நின்றான். முதலாளி பழைய கொட்டகைக்கு வந்தார்.

"சிவப்பை ஓட்டிட்டு உள்ள கழுவலைன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்பா."

"சொல்லியிருக்கலாம்ல?"

"அவன் என்னைக் கேக்கலையே."

"அவன் கேக்கல. இப்ப நான் கேக்கறேன்."

மேசையில் இருந்த குவளையை முதலாளி எடுத்துக்கொண்டு போனார்.

மூடி ஆர்டர் வேறொரு கம்பெனிக்குப் போனது. புது மெஷினைச் சும்மா நிறுத்தி வைக்க முடியாது என்று குவளை, வாளி, கூடை அச்சுகள் எல்லாவற்றையும் முதலாளி அதற்கு மாற்றினார். அதை மகன் பார்த்துக்கொள்கிறான். மோட்டார் மெஷின் பழைய இரும்புக்குப் போனது. ஏழாம் எண் கொட்டகையில் இப்போது அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. அதன் சாவி மகளிடம் இருக்கிறது.