தொப்பிக்கு விளக்கம்

நீதிபதி ஜெடிடயா ஹாஸ்கினுக்கு ஓரிடத்தில் உட்காரப் பிடிக்காது. கனடா எல்லைச் சண்டையில் தொடையில் பாய்ந்த குண்டு இன்னும் உள்ளேதான் இருந்தது. அதனால்தான் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் சண்டைக்கு முன்பு, வக்கீலாக இருந்த காலத்திலும் அவர் அப்படித்தான்.

அன்று, ஆங்கிலேயக் குடியேற்றமான லாங் தீவில், சாராயக்கடை மாடியில் கோர்ட் கூடியிருந்தது. கீழேயிருந்து ரம் வாடை. கைதியாக நின்றவன் ஏபல் கார்விக். ஹாஸ்கினின் படையில் சார்ஜென்டாக இருந்தவன். குண்டடி பட்ட அவரைச் சதுப்பிலிருந்து முதுகில் தூக்கி வந்தவனும் அவன்தான். வரி வசூலிப்பவரின் களஞ்சியத்தைக் கொளுத்தினான் என்பது வழக்கு. நிரூபணமானால் தூக்கு.

“தீப்பிடிச்ச ராத்திரி அவன் என் லாயத்துல இருந்தான்,” என்றார் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒபதையா டனிங். ஆனால் அவர் குவேக்கர், ஆயுதம் எடுப்பதும் ஆணையிடுவதும் பாவம் என்று ஒதுக்கும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டார். தூக்கு வழக்கில் சத்தியம் செய்யாதவர் பேச்சு செல்லாது.

சாப்பாட்டு நேரத்தில் நீதிபதி அவரைக் கொல்லையில் பிடித்தார்.

“ஒரே தடவை கையை வைய்யா. ஒரு உசிரு போகுது.”

“நீ கேப்டனா இருந்தப்ப துப்பாக்கி தூக்கச் சொன்னே. தூக்கல. அபராதம்னு என் பசுவை ஓட்டிட்டுப் போனே. அப்ப வளையாதவன் இப்ப வளைவேனா, ஜெடிடயா?” கவர்னரே வந்தாலும் ஒபதையாவுக்கு ‘நீ’தான்.

“பசுவுக்குப் பழி வாங்குறியா?”

“பழியா? உதைக்கிற பசு அது. விட்டது தொல்லைன்னு இருந்தேன்.” அவர் முகத்தில் சிரிப்பில்லை. “ஏபல் சாகக் கூடாதுன்னு நானும்தான் தவிக்கிறேன். ஆனா நான் ஆமாம்னு சொன்னா ஆமாம்தான். அதுக்கு மேல புத்தகம் எதுக்கு?”

ஹாஸ்கின் கொல்லையைக் குறுக்கும் நெடுக்கும் அளந்தார். பிறகு படியேறி, காவலர் ஸ்டிம்சனை நிறுத்தினார். குவேக்கர்கள் எந்த மனிதனுக்கும் தொப்பி கழற்ற மாட்டார்கள். வம்பு வேண்டாமென்று, அவர்கள் கோர்ட்டுக்குள் நுழையும்போது ஸ்டிம்சனே அதை மெல்ல எடுத்து ஆணியில் மாட்டுவான்.

“இன்னிக்கு டனிங் தொப்பியைத் தொடாதே.”

“ஐயா, கோர்ட் அவமதிப்பாயிடுமே?”

“ஆகட்டும்.”

ஒபதையா தொப்பியோடு வந்து நின்றார். ஜூரிகள் பன்னிரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.

“கோர்ட்ல தொப்பியா? விளக்கம் சொல்லு,” என்றார் ஹாஸ்கின். அவமதிப்புக்கு விளக்கம் சொல்ல யாரும் சத்தியம் செய்ய வேண்டியதில்லை.

“கடவுள் முன்னால மட்டும்தான் கழட்டுவேன்.”

“கடைசியா எப்ப கழட்டினே?”

ஒபதையா யோசித்தார். “களஞ்சியம் எரிஞ்ச ராத்திரி. என் குதிரை குட்டி போட முடியாம சாகக் கிடந்துது. கழட்டி வச்சிட்டு மண்டி போட்டு ஜெபம் பண்ணினேன்.”

“யாரு பார்த்தா?”

“ஏபல் பார்த்தான். விடியற வரைக்கும் குதிரைத் தலையை மடியில வச்சிருந்தவன் அவன்தானே?”

அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். “இது சாட்சியமே இல்லை! கவர்னருக்கு எழுதுவேன்!”

“சரியாச் சொன்னீங்க. இது தொப்பிக்கு விளக்கம். ஜூரிமார்களே, காதுல விழுந்ததை மறந்துடுங்க.”

“மறந்தாச்சு, மறந்தாச்சு,” என்றான் ஜூரியிலிருந்த கொல்லன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

ஜூரிகள் அடுத்த அறைக்குப் போனார்கள். ஹாஸ்கின் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். வக்கீல் எழுதத்தான் போகிறார். பதவி போனாலும் போகும். அது பரவாயில்லை. உள்ளே ஏன் இவ்வளவு நேரம்?

கதவு திறந்தது. குற்றமில்லை.

அவமதிப்பு மட்டும் மிச்சமிருந்தது. விட்டுவிட்டால் எல்லாமே நாடகம் என்றாகிவிடும்.

“ஒபதையா டனிங், ஒரு ராத்திரி சிறை.”

“என்னைப் பேச வைக்கத்தான் தொப்பியை விட்டு வச்சியா? முன்னாடியே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா பேசியிருப்பியா?”

“மாட்டேன்,” என்று ஒப்புக்கொண்டு ஒபதையா தானே படியிறங்கினார்.

ஏபல் பின்னாலேயே ஓடினான். “ஐயா, உங்க குதிரையை நான் பாத்துக்கறேன்!”

“குட்டியை வெளியில விட்டுடாதே. குளிருது.”