அந்நிய முயல் அபாயம்

மனித குலத்தின் களஞ்சியங்களை வாள் கொள்ளையடித்ததைவிடப் பல் கொள்ளையடித்ததே அதிகம். சேலையூர் அடுக்ககம் ஒன்றின் சங்கச் செயலாளர் சத்யநாராயணன் இந்த வாக்கியத்தை இரண்டு முறை சொன்னார். முதல் முறை மைக் வேலை செய்யவில்லை.

கீழ்த்தள பார்க்கிங்கில் பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது பேர் போண்டாவுக்காக வந்தவர்கள். மீதிப் பேர் போண்டா உண்டா என்று பார்க்க வந்தவர்கள்.

"ஆஸ்திரேலியாவில் ஒரு கனவான் வேட்டை ஆசையில் இருபத்து நாலு முயலை அவிழ்த்துவிட்டார். என்ன ஆயிற்று? பயிர் போச்சு, புல்வெளி போச்சு. வேலி போட்டார்கள், நோய் பரப்பினார்கள். முயல் மசியவில்லை!"

இதில் அவருக்குச் சொந்த அனுபவமும் உண்டு. பொங்கல் முடிந்த கையோடு பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் மகளுக்காக இரண்டு வெள்ளை முயல் வாங்கியிருந்தார். "ரெண்டும் ஆம்பளைதான் சார், சத்தியமா" என்றான் விற்றவன். வளர்ப்புப் பிராணிக்கெல்லாம் கழுத்தில் மஞ்சள் வில்லை கட்டவேண்டும் என்பது சங்க விதி. விதியை எழுதியவரே அவர் என்பதால் அன்றைக்கே கட்டினார். ஆடிக்குள் பால்கனியில் பதினேழு சத்தியங்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

"ஒண்ணு இதுங்க போகணும், இல்ல நான் போகணும்" என்றாள் மனைவி ஜெயஸ்ரீ.

மறுநாள் விடியலில் அட்டைப்பெட்டியில் அள்ளிப்போட்டு, ஸ்கூட்டரில் இரண்டு நடையாகக் கொண்டுபோய், ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு காலி மனையில் விட்டுவிட்டு வந்தார். வாட்ஸாப் குழுவில் 'இன்று ஒரு சிறு உயிர்நேயச் செயல்' என்று போட்டார். எட்டு இதயம் விழுந்தது. மனைக்கு அடுத்தாற்போல் இருந்த கீரைப் பாத்திகள் அவர் கண்ணில் படவில்லை.

அந்தப் பாத்திகளுக்குச் சொந்தக்காரி, இந்த அடுக்ககத்துக்கே தினமும் கீரை கொண்டுவரும் கன்னியம்மா, இப்போது மூடிய கூடையோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

"இன்னா சார், மொயலப் பத்தி பேசறியாமே? வாட்ச்மேன் ஜெபராஜ் அண்ணா சொன்னாரு. எங்க பாத்திய வந்து பாரு. அரைக்கீரை, சிறுகீரை எல்லாத்தையும் துன்னுட்டு மொட்டையா வுட்டுக்கீது. மறுபடி வெதைக்கக்கூட வழியில்ல. நான் இன்னாத்த வித்து பொழைக்கறது?"

அப்போதாவது அவர் பேசாமல் இருந்திருக்கலாம். கையில் மைக் இருந்ததே!

"பாருங்கள், அபாயம் நம் வாசலுக்கே வந்துவிட்டது! விட்டவன் எவனாக இருந்தாலும் சரி, இந்த அம்மாவுக்கு முழு நஷ்டஈடும் அவனிடமே வாங்கித் தருவேன்!"

அன்றைய முதல் கைதட்டல். யாரோ விசில்கூட அடித்தார்கள்.

"நல்லா இருப்ப சார். ஒண்ணு மாட்டிகிச்சு, இதான்" என்று கன்னியம்மா கூடையைத் திறந்தாள். பால்கனியில் இருந்ததைவிட முயல் ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. "கழுத்துல இன்னாவோ எழுதிக்கீது. எனக்குப் படிக்க வராது. நீ படி அண்ணா."

வாட்ச்மேன் ஜெபராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மஞ்சள் வில்லையைத் திருப்பினார்.

"சி-304" என்று படித்தார். அது சத்யநாராயணன் வீடு. கீழே அவருடைய செல் நம்பர் இருந்தது. ஜெபராஜ் அதையும் படித்தார், பத்து எண்ணையும்.