பஸ் போர்டு எழுத்து

எங்கள் ஆபீஸில் ஒரு சிவப்புத் தொப்பி உண்டு. ஆப்பை வெளியே விடுவதற்கு முன் நாங்கள் ஓட்டிப் பார்க்கும் சோதனை நகலை யார் உடைத்தாலும், அடுத்த ஆள் உடைக்கும்வரை அவர் கம்ப்யூட்டர் தலையில் அது உட்கார்ந்திருக்கும். கைதட்டிக்கொண்டே அதை மாட்டிவிடுவது பெரும்பாலும் நான்தான். நான் டிசைனர். திரை எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்து கொடுப்பதோடு என் வேலை முடிந்தது. புரோகிராமர்கள் எழுதும் கோட் இருக்கும் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. இருபது வருஷமாகத் தொப்பி என்னிடம் வந்ததில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்தத் தலைக்கனத்துக்கு உலை வைத்தவர் என் மாமனார், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கண் மங்கிக்கொண்டே வருகிறது. நாங்கள் செய்த ஆஸ்பத்திரி ஆப்பில் அப்பாயின்ட்மென்ட் போடச் சொன்னால் போனைத் தூர நீட்டுவார், கிட்டே கொண்டுவருவார், பேசாமல் கீழே வைத்துவிடுவார். நான் போட்டுத் தருகிறேன் என்றால் ரோஷம் பொத்துக்கொண்டு வரும்.

"கொட்டுற மழையிலயும் எதிர்ல வர்ற பஸ்ஸோட போர்டைப் படிச்சவன் நான். நீங்க எறும்பு ஊர்ற மாதிரி எழுதி வெச்சிருக்கீங்க. டாக்டரைப் பார்க்கக்கூட இன்னொருத்தர் கையை எதிர்பார்க்கணுமா? வேண்டாம்மா, விடு."

விட்டேவிட்டார். கண் டாக்டரிடம் போகாமலே மாதங்கள் ஓடின. பெரிய எழுத்தில் ஒரு பக்கம் வரைந்து மீட்டிங்குக்கு எடுத்துப்போனேன்.

எங்கள் புரோகிராமருக்கு 'முடியாது' என்று பெயர். எதைக் கேட்டாலும் முதலில் வரும் சொல் அதுதான். கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்ப்பார்.

"முடியாது. வெள்ளிக்கிழமை ஆப் வெளியாகணும், இதைச் செய்ய ஆள் இல்லை. அடுத்த தடவை பார்க்கலாம்."

அடுத்த தடவை என்றால் ஆறு மாதம். கண் அதுவரை காத்திருக்குமா?

"அப்போ நானே கோட் எழுதிக்கறேன்." வாயை விட்டு வந்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது.

மேனேஜர் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார். "எழுதுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சா சேர்த்துக்கலாம்."

பாட வீடியோக்களைக் காய் நறுக்கும்போதும் பார்த்தேன், துணி மடிக்கும்போதும் பார்த்தேன். கோடில் ஒரு புள்ளி விட்டுப்போனால் பக்கமே காணாமல் போகிறது. இத்தனை சின்ன விஷயத்துக்கு என் மாமியார்கூடக் கோபித்துக்கொண்டதில்லை. "அம்மா, நீ திட்டுறது அதுக்குக் கேக்காது," என்று மகள் ஞாபகப்படுத்தினாள். ஒருவழியாக ஒரு பட்டன் நான் சொன்ன இடத்தில் போய் நின்றபோது போட்ட கூச்சலை, பெற்ற பிள்ளை முதல் அடி வைத்தபோதுகூட நான் போடவில்லை என்றார் கணவர். போட்டிருக்க மாட்டேன், அவள் என்னை இவ்வளவு படுத்தவில்லை.

வியாழக்கிழமை காலை என் பக்கத்தைச் சோதனை நகலில் ஏற்றினேன். எழுத்தைப் பெரிதாக்கு என்று சொன்னேனே தவிர, என் பக்கத்தில் மட்டும் என்று சொல்ல மறந்துபோனேன். கம்ப்யூட்டர் சொன்னதைச் செய்யும் சமர்த்துப் பிள்ளை. எல்லாப் பக்கங்களிலும் எழுத்து பூசணிக்காயாக ஊதியது. டாக்டர்களின் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தன. ரத்து செய்யும் பட்டன் திரையை விட்டே வெளிநடப்பு செய்தது. பட்ட காலிலே படும் என்பார்களே, அந்த நேரம் பார்த்துத்தான் மேனேஜர் ஆஸ்பத்திரி நிர்வாகி அம்மாவுக்கு வீடியோவில் அந்த நகலைக் காட்டிக்கொண்டிருந்தார்.

தொப்பி வந்தது. ஆபீஸே எழுந்து நின்று கைதட்டியது. அத்தனை பேருக்கும் இருபது வருஷ ஆசை அன்றைக்குத் தீர்ந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தார். "பெரிய எழுத்துப் பக்கம் கண்டிப்பா வேணும்னு அந்தம்மா சொல்லிட்டாங்க. ஆனா நாளைக்குள்ள மத்த பக்கத்தை எல்லாம் பழையபடி ஆக்கிடணுமாம். பார்த்தா பயமா இருக்காம்."

'முடியாது' ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கீபோர்டை அவர் பக்கம் தள்ளினேன். "நீங்களே சரி பண்ணிக் குடுத்துடுங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"முடியாது," என்று கையைக் கட்டிக்கொண்டார். "நான் செஞ்சு குடுத்தா நாளைக்கும் என்னையேதான் கூப்பிடுவீங்க. எந்த வரி எல்லாப் பக்கத்தையும் பிடிச்சு இழுக்குதுன்னு நீங்களே தேடுங்க. நான் இங்கேயேதான் இருப்பேன்."

தேடினேன். சாப்பாடு ஆறியது. அவரும் சாப்பிடவில்லை. கடைசியில் பார்த்தால் குற்றவாளி ஒரே ஒரு வரி. அதன் தலையில் என் பக்கத்தின் பெயரைச் சேர்த்தேன். மற்ற பக்கங்கள் எல்லாம் நல்லபிள்ளையாகச் சுருங்கின. கட்டிய கையைப் பிரித்து முதலில் தட்டியது 'முடியாது'தான்.

வெள்ளிக்கிழமை ஆப் வெளியானது. அன்றைக்கே மாமனார் போனில் ஏற்றிவைத்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். "மாமா, போனைக் குடுங்க. கண் டாக்டருக்கு எப்படிப் போடறதுன்னு காட்டறேன்."

"போயிட்டு வந்தாச்சு," என்றார், விரித்த பேப்பருக்குப் பின்னாலிருந்து. "நானே போட்டேன். பஸ் போர்டு மாதிரி பளிச்சுன்னு இருந்துச்சு. இன்னைக்குக் கண்ணாடியும் வந்தாச்சு."

அவர் பேப்பரை இறக்கினார். புதுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, உனக்கு இவ்வளவு நரை எப்ப வந்துச்சு?"

"போன வாரம்தான் மாமா," என்றேன்.