பதினோராவது ஸ்டாப்

தோளில் போட்டுத் தட்டியாயிற்று. மடியில் குப்புறப் படுக்கவைத்து முதுகைத் தடவியாயிற்று. துணி மாற்றி, பால் கொடுத்து, ஏப்பமும் விடவைத்தாயிற்று. பிறந்து இருபத்து மூன்று நாளே ஆன அந்தச் சின்ன உருப்படி, வீட்டையே இரண்டாக்கிவிடும்போலக் கத்திக்கொண்டிருந்தது.

கூடத்தில் பிள்ளையைப் பெற்றவளின் அப்பா வெள்ளைத் துணிக்குள் படுத்திருந்தார். காலையில் மடியில் செய்தித்தாளோடு நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டவர். மூன்று மணிக்கு எடுத்துப்போக வண்டி வரும். இப்போது மணி இரண்டரை. அப்பா பக்கத்தில் ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று அப்போதிருந்து முயன்றுகொண்டிருக்கிறாள். உட்காரப் போனால் போதும், எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ, பிள்ளை அலறும். வந்தவர்கள் எல்லாம் வஞ்சனையில்லாமல் அழுது மூக்கைச் சிந்திவிட்டுப் போனார்கள். பெற்ற மகளுக்கு மட்டும் அழ நேரமில்லை.

"பால் பத்தலைடி," என்றாள் அத்தை, அப்பாவின் தங்கை.

"இப்பதான் அத்தை வயிறு முட்டக் குடிச்சான்."

"அப்ப அதிகமாயிருக்கும்."

கணவன் கைபேசியை நீட்டிக்கொண்டு வந்தான். "மழைச் சத்தம் கேட்டா தூங்குமாம், இதுல போட்டிருக்கு." கைபேசிக்குள் ஜோவென்று மழை பெய்தது. பிள்ளை மழையையும் மிஞ்சி அழுதது.

"நிறுத்துங்க அதை! இருக்கிற சத்தம் போதாதா?"

இந்தப் பிள்ளையை அடக்கத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர்தான். முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர் அப்பா. பேரனை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, உதட்டைக் குவித்து 'புர்ர்ர்' என்று வண்டியைக் கிளப்புவார். கியர் மாற்றுவார், பிரேக் போடுவார், வளைவில் ஹாரன்கூட அடிப்பார். கால் மணி நேரத்தில் பிள்ளை பெட்டிப் பாம்பாக அடங்கிவிடும். நேற்று மாலை அவள்தான் கத்தினாள்.

"கொழந்தை மூஞ்சில எச்சி தெறிக்குதுப்பா! வீட்டுக்குள்ள என்ன பஸ்ஸு? குடுங்க இப்படி."

வாங்கினாள் என்று சொல்வதைவிடப் பிடுங்கினாள் என்றே சொல்லலாம். அவர் வெறுங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நாற்காலிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரிடம் எதையும் பேச அவளுக்கு வாய்க்கவில்லை. அதை நினைக்க நினைக்க அவளுக்கு அவர்மேலேயே கோபம் வந்தது. போகிற மனிதர், இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்துவிட்டாவது போயிருக்கக் கூடாதா?

பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். யாரும் பார்க்கவில்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "புர்ர்ர்ர்" என்று ஆரம்பித்தாள். பிள்ளை ஒரு நொடி அவளை முறைத்தது. அப்புறம் முன்னைவிட உச்சத்தில் வீறிட்டது.

"என்னதான்டா வேணும் ஒனக்கு? நானும் மனுஷிதானே!"

கதவு திறந்தது. விசில் மாமா நின்றிருந்தார். அப்பாவின் பஸ்ஸில் பத்தொன்பது வருடம் கண்டக்டராக இருந்தவர். சிறுவயதிலிருந்தே அவள் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறாள். அழுது அழுது அவர் கண் சிவந்திருந்தது.

"எடுத்த எடுப்புலயே டாப் கியர் போட்டா வண்டி திணறாதாம்மா?" என்றார்.

"மாமா, கிண்டல் பண்ணாதீங்க. என்னால முடியலை."

"கிண்டல் இல்ல. ஸ்டாண்டுலேர்ந்து எடுக்கணும். உங்கப்பா தினமும் நம்ம ரூட்டு மொத்தத்தையும் ஓட்டுவாரு. பதிமூணு ஸ்டாப். ஒண்ணு விடமாட்டாரு. பய பதினோராவதுல தூங்கிடறான்னு போன் பண்ணி ஒரே பெருமை."

ஏதோ சத்தம் என்றுதான் இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தாள்.

"எனக்கு ஸ்டாப்பெல்லாம் தெரியாதே மாமா."

"அதுக்குத்தானே கண்டக்டர் இருக்கேன். கூடத்துக்கு வா."

"அங்க எல்லாரும் இருக்காங்க."

"இருக்கட்டும். எப்ப நம்ம வண்டி காலியா போச்சு?"

அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையை நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். மாமா எதிரே உட்கார்ந்து 'போலாம்' என்று விசில் கொடுக்கிற கணக்கில் அவள் தோளில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

அவள் மெதுவாகக் கிளப்பினாள். அத்தை அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தாள். இரண்டாவது கியர், மூன்றாவது கியர்.

"பள்ளிக்கூடம்," என்றார் மாமா தாழ்ந்த குரலில். அவள் பிரேக் போட்டாள். மறுபடி இரண்டு தட்டு.

"மார்க்கெட்டு. ஆஸ்பத்திரி. பாத்து, இங்க ஒரு பள்ளம் இருக்கு." அவள் பிள்ளையோடு ஒருமுறை எம்பி உட்கார்ந்தாள். பிள்ளையின் அழுகை விக்கலாகி, விக்கல் பெருமூச்சாகியது. மேட்டில் ஏறும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. தினமும் இத்தனை தூரமா ஓட்டினீர்கள் என்று அப்பாவைக் கேட்க நினைத்தாள். வாய் வண்டியில் இருந்தது.

"தண்ணித்தொட்டி," என்றார் மாமா. பதினோராவது. சின்ன விரல்கள் அவள் ரவிக்கையை விட்டுவிட்டன.

வாசலில் வண்டி வந்து நின்றது. "எடுத்துடலாமா?" என்று கேட்டுக்கொண்டே அதன் டிரைவர் உள்ளே வந்தார். மாமா உள்ளங்கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"கொஞ்சம் இருப்பா. இன்னும் ரெண்டு ஸ்டாப் இருக்கு."

பிள்ளை தூங்கிவிட்டிருந்தது. அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். தோளில் இரண்டு தட்டு விழுந்தது. உதட்டைக் குவித்துக்கொண்டு, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக வண்டியை எடுத்தாள்.