நாள் தெரியாதவர்களுக்கான நாள்

வருஷம் எந்தத் தேதியில் பிறக்க வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஜனவரி ஒன்றுதான் புத்தாண்டு, அன்றைக்குத்தான் விடுமுறை. நிலாவைப் பார்த்து நாள் குறிப்பதெல்லாம் பத்தாம்பசலித்தனம் என்று வானொலி தொண்டை கிழியக் கத்தியது. அந்த மீனவ ஊர்க்காரர்கள் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, பாட்டன் பூட்டன் கொண்டாடிய 'சொல்லால்' என்கிற நிலாப் புத்தாண்டைத்தான் கொண்டாடினார்கள். படகு முதலாளி ஒருத்தர் மட்டும் அரசாங்கத்தின் பேச்சை அட்சரம் பிசகாமல் கேட்கிற மனிதர். பண்டிகை நாளில் மீன் விலை ஏறும் என்பதும் அவருக்குத் தெரியும். சொல்லாலுக்கு முந்தின நாள் படகைக் கடலுக்கு அனுப்பிவிட்டார்.

மாலிமின் புருஷன் பான்சொக் அந்தப் படகில்தான் போனான். போகாதே என்று அவள் சொன்னாள். "விடியறதுக்குள்ள வந்துடுவான், மூத்த பிள்ளை இல்லாம முன்னோருக்குப் படைப்பேனா?" என்று மாமனார்தான் சமாதானம் சொல்லி அனுப்பி வைத்தார். விடிந்தது. படையல் மேசை தயாராக இருந்தது. அரிசித் துண்டங்கள் போட்ட சூப் ஆறியது, மறுபடி சுட வைத்தார்கள், மறுபடி ஆறியது. பான்சொக் வரவில்லை. படகும் வரவில்லை, படகின் ஒரு பலகைகூட வரவில்லை.

அன்று மாலை மாலிம் புருஷனுடைய வெண்கலக் கிண்ணத்தில் சோறு போட்டு மூடி, அடுப்புச் சூடு ஏறுகிற தரையில் வைத்து மெத்தையால் போர்த்தினாள். வெளியூர் போனவன் அங்கே பட்டினி கிடக்கக் கூடாது என்று வீட்டுப் பெண்கள் செய்கிற காரியம் அது. பட்டாளத்துக்குப் போனவனுக்கு வைப்பார்கள், நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனவனுக்கு வைப்பார்கள். செத்தவனுக்கு வைக்க மாட்டார்கள். செத்தவனுடைய கிண்ணத்துக்கு வேறு இடம் இருக்கிறது: படையல் மேசை. அங்கே சோற்றில் கரண்டியை நட்டமாகக் குத்தி வைப்பார்கள். தன் புருஷனுடைய கிண்ணம் தரையை விட்டு மேசைக்கு ஏறக் கூடாது, அவ்வளவுதான் அந்த வருஷம் முழுவதும் அவள் கேட்டது.

ஒரே நாடு பகையாகி இரண்டாகப் பிரிந்த வடக்கு எல்லை பக்கத்தில்தான். வழி தவறிய படகுகளை அந்தப் பக்கத்துக்காரர்கள் இழுத்துக்கொண்டு போவதும், பல மாதம் கழித்து ஆட்களைத் திருப்பி அனுப்புவதும் ஊருக்குப் புதிதல்ல. அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு மாலிம் தொங்கினாள். வருஷத்தின் முதல் முழுநிலா அன்று ஊரே கூடிப் பைன் கிளைகளைக் குவித்துக் கொளுத்தியபோது, புருஷனுடைய சட்டைக் கழுத்துப்பட்டையைப் பிய்த்து நெருப்பில் போட்டு, ஆபத்தெல்லாம் அதோடு எரிந்து போகட்டும் என்று கும்பிட்டாள். ஐந்தாம் மாதம் வருகிற 'தானோ' என்கிற கோடைப் பண்டிகைக்கு வெண்கலப் பாத்திரங்களைக் கட்டி வைத்துவிட்டுப் பீங்கானை எடுப்பது வழக்கம். எல்லாவற்றையும் கட்டினாள், அந்த ஒரு கிண்ணத்தைத் தவிர. ஏழாம் மாத முழுநிலாவுக்கு, பசியோடு அலைகிற ஆவிகளுக்காகக் கோயிலில் படைக்கப் போன பக்கத்து வீட்டுக்காரி "நீயும் வர்றியாடி?" என்று கேட்டுவிட்டாள். மாலிம் கையிலிருந்த கழுநீரை அவள் காலடியில் வீசி ஊற்றினாள். அதற்கப்புறம் அந்தத் தெருவில் யாரும் அவளை எதற்கும் கூப்பிடவில்லை.

மாமியார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் வாயை விட்டாள். "அந்தச் சோறு அவனுக்கா போய்ச் சேருது? காலையில நீதானேடி அள்ளித் திங்கிற?"

"மேசையில வெச்சா மட்டும் அவரா வந்து சாப்பிடப் போறாரு? உங்க சின்ன மகன்தான் வழிச்சு முழுங்குவாரு" என்றாள் மாலிம்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த கொழுந்தன் தேசொக் "என்னை ஏன் அண்ணி இழுக்கிறீங்க?" என்று முனகினான். ஆனால் அவன் சாப்பாட்டு ராமன் என்பது ஊருக்கே தெரியும்.

சுசொக் வந்தது. அறுவடைப் பண்டிகை, புது அரிசிச் சோறு, பைன் ஊசி இலை போட்டு அவித்த பிறைக் கொழுக்கட்டை, முதல் பேரிக்காய். மூத்த மருமகள் என்கிற முறையில் அத்தனையையும் மாலிம்தான் செய்தாள். விடிந்ததும் சூப்பை எடுத்துக்கொண்டு பூசை அறைக்குள் போனவள், மேசையைப் பார்த்து நின்றுவிட்டாள். பாட்டனார், பாட்டி கிண்ணங்களுக்குக் கீழே, ஓரமாக, பான்சொக்கின் கிண்ணம் இருந்தது. சோறு கூம்பாக நிறைந்திருந்தது. கரண்டி இன்னும் குத்தப்படவில்லை.

பெண்கள் அந்த மேசையைத் தொட்டு எதையும் எடுக்கிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. மாலிம் சூப்பைக் கீழே வைத்தாள். நேரே போய்க் கிண்ணத்தைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். சூடு சட்டைக்குள் இறங்கியது.

"வைம்மா" என்றார் மாமனார். அவர் குரலை உயர்த்துகிறவர் இல்லை.

"மாட்டேன் மாமா."

"சொல்லாலுக்கு ஊர்ல எல்லாச் செத்தவங்களும் சாப்பிட்டாங்க. என் பிள்ளை சாப்பிடல. செத்திருந்தா எட்டு மாசமாப் பட்டினி. அது என் கண்ணுக்குள்ளயே நிக்குதும்மா. நான் எப்படிச் சோறு முழுங்குறது?"

"உயிரோட இருந்தா? உயிரோட இருக்கிறவருக்கு நீங்க கரண்டியைக் குத்தினா என்ன ஆகும்? சொல்லுங்க. யோசிச்சீங்களா?"

முன்னோர்கள் காத்திருந்தார்கள். மாமியார்தான் நடுவில் புகுந்தாள். "செத்த நாள் தெரியாதவங்களுக்கு ஒன்பதாம் மாசம் ஒன்பதாம் தேதி இருக்கே, அன்னைக்குப் பார்த்துக்கலாம். அதுவரைக்கும் அவ கையிலயே இருக்கட்டும். பெரியவங்க சாப்பாட்டுக்கு முன்னாடி சண்டை போடாதீங்க, ஆறிடும்." தேசொக் சட்டென்று மதுவை ஊற்றி வணங்க ஆரம்பித்துவிட்டான்.

ஆக, மாலிமுக்குக் கிடைத்தது ஒரு மாசத்துக்கும் குறைவு. அவள் மூச்சு விடாமல் அலைந்தாள். துறைமுகம் துறைமுகமாகப் போய் ஆட்களைக் கேட்டாள். போலீஸ் நிலைய வாசலில் நின்றாள். வடக்கே இருக்கிறானா என்று கேட்கிறவளையே அவர்கள் சந்தேகமாகப் பார்த்தார்கள். ஒன்பதாம் தேதிக்குச் சில நாள் முன்னால், வடக்கே பிடித்து வைத்திருந்த ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், சொக்சோ துறையில் இறங்குகிறார்கள் என்று செய்தி வந்தது. கையில் இருந்ததைப் போட்டுவிட்டுப் பேருந்து ஏறினாள்.

துறையில் கயிறு கட்டி உறவுக்காரர்களை நிறுத்தியிருந்தார்கள். ஒரே மாதிரி சட்டை போட்ட ஆட்கள் வரிசையாக இறங்கினார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒவ்வொன்றும் வேறு யாரோ ஒருத்தியின் புருஷன். வரிசை முடிகிற சமயத்தில், வெட்கத்தையெல்லாம் விட்டு, படகின் பெயரையும் பான்சொக்கின் பெயரையும் சொல்லிக் கத்தினாள். ஒருத்தன் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, அந்தப் படகு ஆளுங்க யாருமே அங்க இல்ல. இருந்தவங்க எல்லாரையும் எனக்குத் தெரியும்." காவலர் அவன் தோளைப் பிடித்துத் தள்ளினார். அவன் நடந்துகொண்டே "மன்னிச்சுக்குங்க" என்றான். அவன் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?

பேருந்தில் அவள் அழவில்லை. வழி நெடுக ஒரே ஒரு வாக்கியத்தை வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்தாள்.

மாமனார் முற்றத்தில் காத்திருந்தார். மதியத்திலிருந்தே அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாராம், எதுவும் சாப்பிடவில்லை என்று மாமியார் சொன்னாள். அவர் கேட்பதற்கு முன்னால் மாலிம் சொன்னாள். "ஒருத்தர் அவரைப் பார்த்தாராம் மாமா. அங்கதான் இருக்காராம்."

கிழவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அந்த மனிதர் பல்லைக் காட்டிச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. "கழுதைப் பய! கேட்டியாடி, உம்மவன் கல்லுக்குண்டாட்டம் இருக்கானாம்! சோறு போடுறானுங்களாமா?"

"போடுறாங்களாம்."

"அரிசிச் சோறா?"

"சோளம் கலந்த சோறாம், மாமா."

"சோளமா... அவனுக்குச் சோளம் ஒத்துக்காதே. மெலிஞ்சிருக்கானாமா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்தானே! வரட்டும், தேத்திடலாம். இருமல் இருந்துதே, கேட்டியா?"

"விட்டுடுச்சாம்." ஒரு பொய் பெற்ற குட்டிகள் வரிசையாக வந்தன. கிழவர் எழுந்தார், ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்தார். ஊர்த் தலைவரிடம் சொல்ல வேண்டும், போலீஸில் சொல்ல வேண்டும், சின்னவன் கல்யாணத்தைத் தள்ளிப் போட வேண்டும், அண்ணன் வராமல் என்ன கல்யாணம் என்று அடுக்கிக்கொண்டே வாசலை நோக்கி நடந்தார்.

மாலிம் ஓடிப்போய் அவர் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தாள். "போகாதீங்க மாமா. யாரும் பார்க்கல. அங்க அவங்க யாருமே இல்லையாம். நான்தான்... நான்தான் பொய் சொன்னேன்."

அவர் அப்படியே நின்றார். தொப்பியைக் கழற்றினார். திட்டுவார், எட்டி உதைப்பார் என்றுதான் அவள் நினைத்தாள். உதைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சோளச் சோறுன்னியே" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். போய்ப் படுத்துக்கொண்டார். மாலிமுக்குத் தன் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது. அன்று சாயங்காலம் அவள் தரையில் சோறு வைக்கவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், செங்கல் தூளும் வைக்கோலும் போட்டுத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அழுதாள். பளபளவென்று ஆனதும் துடைத்து மாமியாரிடம் நீட்டினாள். மாமியார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் வெயில் நன்றாக அடித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாமந்தி பறித்துக்கொண்டு போனார்கள். மாலிம் கண் மங்கலாகவே சமைத்தாள். சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது. பான்சொக்குக்கு உதிரியாக இருக்க வேண்டும். அதற்காகவும் அழுதாள்.

மகனுக்குத் தகப்பன் விழுந்து வணங்கக் கூடாது. அதனால் பெரியவர் சுவரோரம் உட்கார்ந்தார். தேசொக்தான் மது ஊற்றினான், தரையில் நெற்றி பட விழுந்து எழுந்தான், கடைசியில் கரண்டியை எடுத்துச் சோற்றின் நடுவில் குத்தினான். மாலிம் வாசலிலிருந்து பார்த்தாள். கரண்டி நின்றது. தன்னை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள். யாரும் பிடிக்கவில்லை, அவளும் விழவில்லை.

பிறகு எல்லோரும் வெளியே வந்து காகிதக் கதவைச் சாத்தினார்கள். வந்தவர் கூச்சப்படாமல் சாப்பிட வேண்டும் என்பதற்காக. ஓர் ஆள் சில கவளம் சாப்பிடுகிற நேரம் காத்திருந்து, வீட்டுப் பெரியவர் மூன்று முறை தொண்டையைச் செருமிவிட்டுக் கதவைத் திறப்பது முறை. அதற்கப்புறம் சூப்பை எடுத்துவிட்டுச் சோறு வடித்த தண்ணீரைக் கொடுப்பார்கள். மாலிம் அந்தத் தண்ணீர்க் கிண்ணத்தோடு மரத்தளத்தில் நின்றாள்.

பெரியவர் செருமவில்லை.

"என்னங்க" என்றாள் மாமியார் மெதுவாக. "செருமுங்க."

"சாப்பிடட்டும்."

இன்னும் கொஞ்ச நேரம் போனது. தேசொக் கால் மாற்றி நின்றான். "அப்பா, போதும்ப்பா. எல்லாம் ஆறிடுச்சு."

"அவன் நிதானமாச் சாப்பிடுறவன்."

"யாரு, நம்ம பான்சொக்கா?" என்றாள் மாமியார். "ஆவி பறக்க வாரிப் போட்டுட்டு ஓடுறவனாச்சே!" சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பசியில இருக்கான்டி" என்றார் கிழவர். "எத்தனை மாசப் பசி. அவசரப்படுத்தாதீங்க. யாரும் அவனை அவசரப்படுத்தாதீங்க." கதவுக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையும் கதவுச் சட்டத்தில் இருந்தன. திறக்க அல்ல, யாரும் திறந்துவிடாமல் பிடித்துக்கொள்ள. அந்தக் காகிதத்துக்குப் பின்னால் அவர் மகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கதவு சாத்தியிருக்கிறவரைக்கும் சாப்பிட்டுக்கொண்டே இருப்பான்.

வெயில் மரத்தளத்தின் விளிம்புக்கு வந்தது. தேசொக் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். மாலிமுக்கும் அங்கேயே நிற்க ஆசையாக இருந்தது. ஆயுசு பூராவும் அந்தக் கதவுக்கு வெளியே தண்ணீரோடு நிற்கச் சொன்னால் நின்றிருப்பாள். உள்ளே கரண்டி சத்தம் கேட்கிறதா என்று அவளும்தான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் கிழவரின் தோள்கள் நடுங்குவதைப் பார்த்தாள். இந்த மனிதரை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்ததில் தன் பொய்க்கும் பங்கு உண்டு என்று தோன்றியது. இனி இவர் தானாக எழுந்திருக்க மாட்டார்.

மாலிம் தொண்டையைச் செருமினாள். மூன்று முறை. பெண் பிள்ளை செருமி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

கிழவர் திரும்பிப் பார்த்தார்.

"மாமா" என்றாள். "அவரு சாப்பிட்டுட்டாரு மாமா. வயிறு நிறைஞ்சிடுச்சு. தண்ணிக்குக் காத்திருக்காரு, வழி விடுங்க."